வட்டி எவ்வளவு கட்டுறீங்க?

புது வீட்டுக்குப் போனால், பையைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாசம் வட்டி எவ்வளவு கட்டுறீங்க?" வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். வருமானத்தை ஆண்கள் கூட்டிச் சொல்வார்கள், பெண்கள் குறைத்துச் சொல்வார்கள். வட்டியைக் கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. அப்புறம் வருவது பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

ஆனால் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு வீட்டில் அவர் பட்டறையில் வாங்கிய முன்பணம் அவளுக்குத் தெரியாது. அவள் குழுவில் எடுத்த லோன் அவருக்குத் தெரியாது. போதாததற்கு இரண்டு பேரும் ஒரே தண்டல்காரரிடம் தனித்தனியாகக் கடன் வாங்கியிருந்தார்கள். அந்த மனிதர் இரண்டு வருஷமாக இருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. தொழில் ரகசியம் காப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

1996இல் நான் தொழிலுக்கு வந்தது இன்சூரன்ஸ் விற்க அல்ல, அஞ்சலக ஆர்.டி. பிடிக்கும் மகளிர் முகவராக. அந்த உரிமம் பெண்களுக்கு மட்டும்தான். மாதம் 100 ரூபாய் பிடித்தால் எனக்கு 4 ரூபாய். மதுரையில் வைகைக்கு வடகரை, செல்லூர்தான் என் எல்லை. சந்துக்குச் சந்து தறிச் சத்தம். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். ஆறு மணிக்குக் கூலி, ஏழு மணிக்குத் தண்டல்காரர் வண்டியை நிறுத்துவார். இடையில் இருக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் என் பிழைப்பு.

தண்டல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1,000 ரூபாய் கேட்டால் 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 கொடுப்பார்கள். தினம் 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூறு நாளைக்கு நூறு ரூபாதானக்கா" என்பார்கள். ஆனால் தினமும் அசல் கரைந்துகொண்டே போகிறது. அந்த நூறு நாளில் சராசரியாகக் கையில் நின்ற பணம் 450 ரூபாய்தான். வருஷக் கணக்குப் போட்டால் வட்டி 80 சதவீதத்தைத் தொடும். இதை நான் சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். "சரிதான்க்கா, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா உங்க போஸ்டாபீஸு திறந்திருக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

ஆர்.டி.யின் பெருமை அதன் வட்டியில் இல்லை. சட்டென்று எடுக்க முடியாது, அதுதான் பெருமை. அறுபது மாதம். வீட்டுக்காரர் கேட்டால், "அஞ்சு வருஷத்துக்குத் தொட முடியாதாம், அந்தக்கா சொல்லிட்டாங்க" என்று என்மேல் பழியைப் போடுவார்கள். போடட்டும். பன்னிரண்டு தவணை கட்டினால் பாதிப் பணம் கடனாகக் கிடைக்கும், மூன்று வருஷம் ஆனால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம் என்ற இரண்டையும் பெண்களிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லி வைப்பேன்.

2002இல் ஆயுள் காப்பீட்டு ஏஜென்சியும் எடுத்தேன். காரணம் கமிஷன், வேறொன்றும் இல்லை. ஆர்.டி.யில் நூற்றுக்கு நாலு. சேமிப்போடு சேர்ந்த பாலிசியில் முதல் வருஷப் பிரீமியத்தில் நாலில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனஸ் கமிஷன். மார்ச் மாதம் வந்தால் எங்கள் டெவலப்மென்ட் ஆபீஸர் தூங்க விட மாட்டார்.

2003 மார்ச்சில் ஒரு விசைத்தறிக்கார அண்ணனுக்கு 1 லட்சம் ரூபாய் பாலிசி போட்டேன். அரையாண்டுக்கு 2,800 ரூபாய். அவர் 3 வட்டிக்குக் கடன் வைத்திருந்தது எனக்குத் தெரியும். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, வருஷத்துக்கு 36. நான் விற்ற பாலிசி, முதிர்வு வரை இழுத்துக் கட்டினாலும் வருஷத்துக்கு 6 சதவீதத்தை ஒட்டித்தான் பெருகும். 36 போகிற ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு, 6 வருகிற குழாயைத் திறந்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. இரண்டாவது தவணைக்குப் பணம் இல்லை என்றபோது, "தண்டலில் கேட்டுப் பாருங்களேன்ணே, பாலிசி செத்துப்போயிரும்" என்று சொன்னதும் நான்தான். கேட்டு வாங்கிக் கட்டினார். மூன்றாவது தவணையும் அப்படியே. நாலாவது கட்டவில்லை. ஒரு மாதச் சலுகை நாளும் போனது. பாலிசி காலாவதி.

2005 தை மாதம், தறியிலேயே சரிந்து விழுந்தார். வயது நாற்பதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர் சம்சாரம் மஞ்சள் பையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று வருஷம் முழுதாகக் கட்டாத பாலிசிக்கு அன்றைய விதிப்படி சரண்டர் மதிப்புக் கூடக் கிடையாது. (பின்னால் அது இரண்டு வருஷமாகி, 2024 அக்டோபர் முதல் ஒரு வருஷம் கட்டியிருந்தாலே சரண்டர் தொகை உண்டு என்று வந்திருக்கிறது.) அவர் கட்டியது 8,400 ரூபாய். குடும்பத்துக்கு வந்தது ஒன்றுமில்லை. எனக்கு முதல் வருஷக் கமிஷனாக வந்தது 1,400 ரூபாய். அந்தக்கா என்னைத் திட்டவில்லை. "இதை வச்சிருக்கவா, கிழிச்சுப் போடவா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அண்ணனுக்குச் சேமிப்பு கலக்காத வெறும் டேர்ம் பாலிசி கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்போதும் இருந்தது. ஆனால் பெரிய தொகைக்குத்தான் கொடுப்பார்கள், வருமானச் சான்று கேட்பார்கள். வாரக்கூலிக்காரர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? என் பையில் அவருக்கு ஏற்ற சரக்கு இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நான் இருக்கிற சரக்கைத் தலையில் கட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையின் அம்மா கேட்டது உறைத்தது. அவசரத்துக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை விட, எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும் என்பதுதான் முதல் கணக்கு. கடன் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை. சேமிப்பு அன்றைக்கோ மறுநாளோ வரும். இன்சூரன்ஸ் வரும்போது பெரிதாக வரும், ஆனால் காகிதம் எல்லாம் சரியாக இருந்து, பதினாறாம் நாளும் தாண்டித்தான் வரும். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "பத்து லட்சத்துக்குப் பாலிசி இருக்கு, எனக்கென்ன?" என்பவர் வீட்டில் ஆம்புலன்ஸுக்குப் பணம் இருக்காது.

மருத்துவக் காப்பீட்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே எல்லோரும் "கேஷ்லெஸ்" என்ற வார்த்தையை நம்பிப் போகிறார்கள். 2022இல் என் வாடிக்கையாளர் ஒருவர், ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர், நெஞ்சு வலி என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். 3 லட்சத்துக்குப் பாலிசி, நான் போட்டுக் கொடுத்ததுதான். பில் 2,40,000. பாலிசிக்குள் அடங்குகிறதே என்று பிள்ளைகள் நிம்மதியாக இருந்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம் கையிலிருந்து 78,000 கட்டச் சொன்னார்கள்.

என்ன நடந்தது? அந்தப் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்தான், அதாவது 3,000. அவர்கள் எடுத்தது 6,000 ரூபாய் ஏ.சி. அறை. கூடுதல் வாடகையை மட்டும்தான் நாம் கட்ட வேண்டியிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அறை இரண்டு மடங்கு என்றால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து, ஸ்டென்ட், டெஸ்ட் இவற்றில் வெட்டு கிடையாது. அது 1 லட்சம். மீதி 1,40,000த்தில் பாதி, 70,000 போனது. கையுறை, பஞ்சு என்று 8,000. மூவாயிரம் ரூபாய் அறையிலேயே படுத்திருந்தால் இந்த 70,000 மிச்சம். பாலிசி எடுக்கும்போது இதை நான் அவரிடம் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை. இப்போதெல்லாம் பாலிசி அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் "ரூம் 3000" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்று சனிக்கிழமை, மணி ஆறு. வங்கியில் அவருக்கு 2 லட்சத்துக்கு டெபாசிட் இருந்தது, ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அசையும், வங்கியும் திங்கட்கிழமைதான் திறக்கும். மருமகள் கழுத்தில் இருந்ததைக் கழற்றினாள். மூன்று பவுன். அடகுக் கடையில் 2 வட்டி. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நானே வங்கிக்குப் போனேன். தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் இரண்டு மணி நேரத்துக்குக் கைமாற்று வாங்கி, அடகுக் கடையில் நகையை மீட்டு, அதையே வங்கியில் வைத்து, கைமாற்றைத் திருப்பினோம். வட்டி பாதிக்கும் கீழே இறங்கியது. இதைச் செய்யச் சொன்னால் பலர் கூச்சப்படுகிறார்கள். அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போவது தப்பில்லை. அங்கேயே ஒரு வருஷம் விட்டுவைப்பதுதான் தப்பு. நகையின் முழு மதிப்புக்கும் கடன் கிடைக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், வீட்டில் இருக்கிற தங்கம் ராத்திரிக்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

சீட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஏலச்சீட்டில் முதல் மாதங்களில் தள்ளி எடுப்பவர் கடன்காரர், கடைசியில் எடுப்பவர் சேமிப்பவர். ஒரே சீட்டுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவு செய்த சீட்டாக இருந்தால் போடுங்கள். பதிவில்லாத சீட்டு என்றால், நடத்துகிற அக்கா எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் நான் தள்ளி நிற்பேன். இதற்கு மேல் சொன்னால் எங்கள் தெருவில் நான் நடமாட முடியாது.

கடனை முதலில் அடைப்பதா, சேமிப்பதா? படித்த பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான். 36 சதவீத வட்டிக் கடன் இருக்கும்போது ஆர்.டி. கட்டுவது பைத்தியக்காரத்தனம் என்பார்கள். கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் கையில் இருப்பதை எல்லாம் கடனுக்குக் கொண்டுபோய்க் கொட்டினவர் வீட்டில், அடுத்த மாதம் பிள்ளைக்குக் கால் முறிந்தால், அதே ஆளிடம் அதே வட்டிக்குத் திரும்பப் போய் நிற்பார்கள். அடைத்த சந்தோஷமும் போய், மானமும் போகும். அதனால் கடன் இருக்கும்போதே 10,000 ரூபாய் தனியாகச் சேரட்டும், அது சேர்ந்த பிறகு மிச்சம் எல்லாம் கடனுக்குப் போகட்டும் என்பது என் கட்சி. அந்தப் பத்தாயிரத்துக்கு நாம் வருஷத்துக்கு 3,600 ரூபாய் வட்டி கொடுக்கிறோம் என்று தெரிந்தே சொல்கிறேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தறி மோட்டார் நனைந்துபோய், காயில் கட்டக் காசில்லாமல் வாரக்கணக்கில் சும்மா கிடந்தவர்களைப் பார்த்தேன். மோட்டாருக்கு இன்சூரன்ஸ் என்று யாரிடமும் இல்லை. கையில் ரொக்கம் வைத்திருந்த இரண்டு வீட்டில் மட்டும் நாலாம் நாள் தறி ஓடியது.

2003இல் என் பையில் இல்லாத சரக்கு 2015 மே மாதம் வந்தது. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி என்று ஒன்று, சுரக்ஷா என்று ஒன்று. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 18 முதல் 50 வயது வரை சேரலாம். இரண்டாவது விபத்துக்கு 2 லட்சம், 70 வயது வரை. முதலில் 330 ரூபாயும் 12 ரூபாயுமாக இருந்தது, 2022 ஜூன் முதல் 436ம் 20ம். வருமானச் சான்று வேண்டாம், மருத்துவச் சோதனை வேண்டாம், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். எனக்கு இதில் ஒரு பைசா கமிஷன் கிடையாது. அதனாலோ என்னவோ, நான் சொன்னால் நம்புகிறார்கள்.

இதில் ஒரே ஒரு பள்ளம் இருக்கிறது. காப்பீட்டு வருஷம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் வங்கி தானாகப் பணத்தை எடுக்கும். கணக்கில் பணம் இல்லை என்றால் எடுக்காது, காப்பீடு நின்றுவிடும். யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். 2021இல், கொரோனா இரண்டாம் அலையில், ஒரே தெருவில் இரண்டு சாவு. ஒரு வீட்டுக்கு 2 லட்சம் வந்தது. இன்னொரு வீட்டில், சுமை தூக்குகிறவர், மே 31 அன்று கணக்கில் இருந்தது 200 ரூபாய் சொச்சம். எடுக்க வேண்டியது 330. ஊரடங்கில் வேலை இல்லை, பணம் போட ஆளில்லை. ஜூலையில் போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு மே 20ஆம் தேதியும் என் ஆர்.டி. வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போகிறேன். "456 ரூபா கணக்குல கிடக்கா மதினி?" அவ்வளவுதான் பேச்சு. சிலர் என்னைக் கண்டாலே, "கிடக்குக்கா, கிடக்கு" என்று கையைக் காட்டிவிடுவார்கள். அதோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுவேன். 2009இல் ஒரு லட்சத்தில் தொடங்கியது, இன்று குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு அலைவதை, ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டுச் செய்யாதீர்கள். இன்னொன்று, அந்த அட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் கொடுக்கும். கூட இருந்து பார்ப்பவரின் கூலி போவதற்கும், வீட்டில் அடுப்பு எரிவதற்கும் கொடுக்காது. மறுபடியும் அந்தப் பத்தாயிரம்தான்.

கடனும் இன்சூரன்ஸும் நேருக்கு நேர் மோதுகிற இடம் ஒன்று உண்டு. ஏஜென்ட்களே அதிகம் பேசாத இடம். கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் பார்த்த ஒருவர் 20 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி கேட்டார். விண்ணப்பத்தோடு திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் என்று ஒரு படிவத்தையும் நிரப்ப வைத்தேன். 1874ஆம் வருஷத்துச் சட்டம். அதன் 6ஆம் பிரிவுப்படி, மனைவி மக்களுக்காக என்று எழுதி எடுத்த பாலிசிப் பணம் கணவனின் சொத்தில் சேராது, கடன்காரர்கள் கை வைக்க முடியாது. கடன்காரர்களை ஏமாற்றத்தான் எடுத்தார் என்று நிரூபித்தால் மட்டும் அந்தப் பாலிசிப் பணத்திலிருந்து அவர்கள் கேட்கலாம். இதில் நம்மூருக்கு ஒரு தனிப் பெருமை. இந்துக்கள், முஸ்லிம்கள் எடுக்கும் பாலிசிகளுக்கு இந்தப் பாதுகாப்பு மற்ற இடங்களில் 1923 ஏப்ரலில் இருந்துதான். மெட்ராஸுக்கு மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்தவற்றுக்கே உண்டு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. படிவம் இலவசம். எழுதிவிட்டால் பிறகு அந்தப் பாலிசியைக் கணவன் தன் இஷ்டத்துக்கு அடமானம் வைக்க முடியாது, அதனால் சிலர் முகம் சுளிப்பார்கள்.

மளிகைக்காரர் ஐந்து வருஷத்தில் இறந்தார். புரோநோட்டோடு நாலு பேர் வந்தார்கள், கடையையும் சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். நியாயமான கடன்தான், குறை சொல்ல முடியாது. பாலிசிப் பணம் மட்டும் நேராக அந்த அம்மா கணக்குக்கு வந்தது. நான் விற்றதிலேயே கமிஷன் ரொம்பக் குறைந்த பாலிசிகளில் அது ஒன்று.

மஞ்சள் பை அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பத்திரத்தைக் கிழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு ஒரு மாதம் கழித்து, அதே 2005இல், சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு 100 ரூபாய்க்கு ஆர்.டி. தொடங்கினார். அது முடிந்ததும் 2010இல் ஒன்று, அப்புறம் 2015இல், 2020இல். இப்போது ஐந்தாவது கணக்கு ஓடுகிறது, மாதம் 2,000. இருபது வருஷத்தில் ஒரு தவணை கூடத் தவறவில்லை. என்னிடம் பாலிசி மட்டும் எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.